ஃபிரிட்ஜைத் தூக்கிப் போடுவதற்கு முன் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஃபிரிட்ஜில் கூலிங் குறைந்தால் வீட்டில் முதலில் எழும் கேள்வி, "வாங்கி எத்தனை வருஷம் ஆச்சு?" என்பதுதான். பத்து வருடம் தாண்டியிருந்தால் உடனே கடைக்குக் கிளம்பிவிடுகிறோம். வயதை மட்டும் பார்ப்பதுதான் முதல் தவறு. கெட்டுப்போனது எது என்று தெரிய வேண்டும். கதவு ரப்பர், குளிரைக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட், ஃபேன், கம்ப்ரசரைக் கிளப்பிவிடும் ரிலே, ஹீட்டர் எல்லாம் தனியாகக் கழற்றி மாற்றக்கூடிய சாமான்கள். பன்னிரண்டு வருட ஃபிரிட்ஜாக இருந்தாலும் இவற்றை மாற்றிவிட்டுத் தாராளமாக ஓட்டலாம். கம்ப்ரசரும் கேஸ் ஓடும் குழாய்களும்தான் யோசிக்க வைப்பவை.

இரண்டாவது தவறு, "கேஸ் தீர்ந்துபோச்சு" என்று மெக்கானிக் சொன்னதும் தலையாட்டுவது. ஃபிரிட்ஜ் கேஸ், வண்டியில் போடும் பெட்ரோல் மாதிரி தீர்ந்துபோகிற பொருள் இல்லை. மூடிய குழாய்க்குள்ளேயே சுற்றிவருவது. குறைந்திருக்கிறது என்றால் எங்கோ ஓட்டை இருக்கிறது. ஓட்டையைக் கண்டுபிடித்து அடைக்காமல் கேஸ் மட்டும் ஏற்றினால் கொஞ்ச நாளில் மறுபடியும் அதே கதைதான்.

அதுவும் டபுள் டோர், ஃப்ராஸ்ட் ஃப்ரீ (பனியைத் தானே உருக்கிக்கொள்ளும்) வகையில் பல நேரம் பிரச்சினை கேஸே இல்லை. மேலே ஃப்ரீசரில் ஐஸ் உறைகிறது, கீழே பால் திரிகிறது என்றால் முதலில் சந்தேகப்பட வேண்டியது டிஃப்ராஸ்ட் பாகங்களை, அதாவது பனியை உருக்கும் பாகங்களை. ஃப்ரீசரின் பின்பக்கப் பலகைக்குள் கூலிங் காயிலும் ஒரு சின்ன ஃபேனும் இருக்கும். காயிலில் படியும் பனியை அவ்வப்போது ஒரு ஹீட்டர் உருக்கிவிட வேண்டும். அந்த ஹீட்டரோ, டைமரோ, சென்சரோ கெட்டால் பனி கட்டிப்போய்க் காற்று கீழே இறங்கும் வழி அடைபடும். நீங்களே சோதித்துப் பார்க்கலாம். எல்லாவற்றையும் வெளியே எடுத்துவிட்டு, பிளக்கைப் பிடுங்கி, இரண்டு கதவையும் ஒரு நாள் முழுக்கத் திறந்து வையுங்கள். (கீழே பழைய துணி போட மறக்க வேண்டாம், தண்ணீர் வரும்.) திரும்பப் போட்டதும் சில நாள் நன்றாகக் குளிர்ந்துவிட்டு மறுபடி படுத்துக்கொண்டால், கோளாறு அநேகமாக டிஃப்ராஸ்டில்தான். கேஸ் செலவோடு ஒப்பிட்டால் இது சின்ன வேலை.

"கம்ப்ரசர் போச்சு" என்பதும் இதே ரகம். சில நிமிடத்துக்கு ஒருமுறை 'டிக்' என்று சத்தம் வந்து அடங்குகிறதா? ரிலேயாகவும் இருக்கலாம். அதை முதலில் மாற்றிப் பார்க்கச் சொல்லுங்கள். வாரன்டி அட்டையையும் தேடி எடுங்கள். கம்ப்ரசருக்கு மட்டும் பத்து வருட வாரன்டி தரும் மாடல்கள் நிறைய உண்டு. ஆனால் கேஸ், கூலி எல்லாம் பெரும்பாலும் நம் தலையில்தான்.

சரி, எப்போது மாற்றலாம்? ஓட்டை பக்கச் சுவருக்குள், ஃபோம் அடைத்த இடத்தில் என்றால் பழைய ஃபிரிட்ஜில் காசைக் கொட்ட வேண்டாம். வாரன்டி முடிந்த பிறகு கம்ப்ரசர் நிஜமாகவே போயிருந்தாலும் அப்படித்தான். கேஸ் வேலை செய்துதான் ஆக வேண்டும் என்றால், கம்ப்ரசரிலோ பின்பக்க ஸ்டிக்கரிலோ ஆர்600ஏ என்று இருக்கிறதா பாருங்கள். அது தீப்பிடிக்கும் கேஸ். அதில் பழகிய ஆள்தான் கை வைக்க வேண்டும்.

"பழசு கரண்ட் தின்னுது" என்பதைக் கணக்குப் போடாமல் நம்புவதும் தவறுதான். ஊருக்குப் போகும்போது ஃபிரிட்ஜைத் தவிர எல்லாவற்றையும் அணைத்துவிட்டு மீட்டரைக் குறித்துக்கொள்ளுங்கள். திரும்பி வந்ததும் மறுபடி பாருங்கள். நாளுக்கு 2 யூனிட் என்றால் வருடத்துக்கு 730. கதவு திறந்து மூடும் வீட்டில் இன்னும் கொஞ்சம் கூடும். புதியதன் ஸ்டார் லேபிளில் வருடத்துக்கு 230 யூனிட் என்று இருந்தால் மிச்சம் 500 யூனிட். யூனிட் 6 ரூபாய் என்று வைத்தாலும் வருடத்துக்கு 3,000 ரூபாய்தான். 27,000 ரூபாய் ஃபிரிட்ஜின் விலையை எடுக்க ஒன்பது வருடம்! கரண்ட் பில்லைக் காரணம் காட்டிப் புதுசு வாங்குவது பெரும்பாலும் நமக்கு நாமே சொல்லிக்கொள்ளும் சமாதானம்தான்.

வாங்குவதாக முடிவு செய்துவிட்டால் ஸ்டாரை மட்டும் எண்ணாதீர்கள். சிங்கிள் டோருக்கும் ஃப்ராஸ்ட் ஃப்ரீக்கும் ஸ்டார் அளவுகோல் வேறு. அதுவும் அவ்வப்போது கடுமையாக்கப்படுகிறது. லேபிளில் வருடத்துக்கு எத்தனை யூனிட் என்று போட்டிருப்பதையும், எந்த ஆண்டு லேபிள் என்பதையும் பாருங்கள்.

அப்புறம், பழையதை "தண்ணி பாட்டில் வைக்க ஆகும்" என்று மாடிப்படிக்குக் கீழே ஓட விட்டால் மிச்சம் பிடித்த யூனிட்டும் போச்சு. எக்ஸ்சேஞ்சில் கொடுத்துவிடுங்கள். அதுவரை சும்மா கிடக்கப்போகிறது என்றால் கதவைக் கழற்றி வையுங்கள், விளையாடும் குழந்தைகள் உள்ளே புகுந்து மாட்டிக்கொள்வார்கள்.