தொழில்நுட்பக் கையேடுகள்: எழுதுபவரும் எடிட்டரும் தவிர்க்க வேண்டிய தவறுகள்

“ஒருமுறை பார்த்துத் திருத்திக் கொடுங்கள்” என்ற ஒற்றை வரியோடு 40 பக்கக் கோப்பை எடிட்டருக்கு அனுப்புவதில்தான் பாதிச் சிக்கல் தொடங்குகிறது. எழுதியவர் எழுத்துப்பிழை பார்த்தால் போதும் என்று நினைத்திருப்பார். எடிட்டரோ அத்தியாயங்களையே இடம் மாற்றியிருப்பார். அல்லது நேர்மாறாக, அமைப்பே சரியில்லாத கையேட்டில் காற்புள்ளிகள் மட்டும் ஒழுங்காகியிருக்கும்.

அமெரிக்காவின் விண்வெளி ஆய்வுக்கூடமான ஜெட் புரொபல்ஷன் லேபரட்டரி இந்தக் குழப்பத்தைத் தீர்க்க 1970களிலேயே எடிட்டிங்கை ஒன்பது வகை வேலைகளாகப் பிரித்தது. அவற்றைப் பல விதமாகச் சேர்த்து ஐந்து நிலைகளையும் வகுத்தது. முதல் நிலையில் ஒன்பதும் உண்டு. ஐந்தாம் நிலையில் வேலையை ஒருங்கிணைப்பதும், நிறுவன விதிகளுக்கு ஆவணம் பொருந்துகிறதா என்று பார்ப்பதும் மட்டுமே. உங்களுக்கு இவ்வளவு நுணுக்கம் தேவைப்படாது. அமைப்பைத் திருத்துவதா, மொழியைத் திருத்துவதா, பிழை மட்டும் பார்ப்பதா என்பதை அரைப் பக்கக் குறிப்பில் எழுதுங்கள். படிக்கப்போவது யார், கேள்விகளுக்குப் பதில் சொல்ல வேண்டியவர் யார், எதைத் தொடக்கூடாது என்பதும் அதில் இருக்கட்டும். பாக எண்கள், திரையில் தெரியும் பட்டன் பெயர்கள், நிறுவனத்தின் சட்டத் துறை ஒப்புதல் தந்த எச்சரிக்கைகள் ஆகியவை தொடக்கூடாத பட்டியலில் வரும். கூலி பேசும்போது பக்கக் கணக்கையும் தெளிவாக்கிக்கொள்ளுங்கள். எடிட்டிங் தொழிலில் ஒரு பக்கம் என்றால் பொதுவாக 250 சொற்கள். நெருக்கமாக அச்சான ஒரு ஏ4 தாள் அந்தக் கணக்கில் இரண்டு பக்கம்கூட ஆகும்.

அடுத்தது வரிசைத் தவறு. பொறியாளர் சரிபார்க்கும் முன்பே மொழியைச் செதுக்கக் கொடுப்பது வீண்வேலை. பத்தி பத்தியாக மெருகேற்றிய பிறகு பொறியாளர் அதில் பாதியை நீக்குவார், புதிதாக நாலு படிகளைச் சேர்ப்பார். அந்த நாலு படிகளை யாரும் எடிட் செய்யாமலே கையேடு அச்சுக்குப் போய்விடும். முதலில் அமைப்பு, பிறகு தொழில்நுட்பச் சரிபார்ப்பு, அதன்பின் மொழி, கடைசியில் மெய்ப்பு (அச்சுக்கு முந்தைய பிழைபார்ப்பு) என்பதே சரியான வரிசை.

மிக ஆபத்தானது, பொருள் மாறும் திருத்தத்தைச் சொல்லாமல் செய்துவிடுவது. கோவையில் தயாராகும் ஒரு விவசாய மோனோபிளாக் பம்பின் (மோட்டாரும் பம்பும் ஒன்றாக இணைந்தது) கையேட்டில் படி 3 இப்படி இருப்பதாக வைத்துக்கொள்வோம்:

“டெலிவரி கேட் வால்வு மூடியிருப்பதை உறுதி செய்தபின் மோட்டாரை ஸ்டார்ட் செய்யவும். மோட்டார் முழு வேகம் எடுத்ததும் வால்வை மெதுவாகத் திறக்கவும். வால்வை மூடிய நிலையில் 1 நிமிடத்துக்கு மேல் ஓட்டக்கூடாது.”

டெலிவரி வால்வு என்பது பம்பிலிருந்து தண்ணீர் வெளியேறும் குழாயில் இருப்பது. இது நீளமாக இருக்கிறதென்று எடிட்டர் “மோட்டாரை ஸ்டார்ட் செய்து டெலிவரி வால்வைத் திறக்கவும்” என்று சுருக்குகிறார். படிக்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் மூன்று விஷயங்கள் காணாமல் போய்விட்டன. தொடக்கத்தில் வால்வு மூடியிருக்க வேண்டும் என்ற நிபந்தனை இல்லை. வால்வு திறந்த நிலையில் ஸ்டார்ட் செய்தால் மோட்டார் எடுத்த எடுப்பிலேயே கூடுதல் சுமை இழுக்கும், மோட்டாரைக் காக்கும் ஓவர்லோடு ரிலே டிரிப் ஆகி மின்சாரத்தை நிறுத்தலாம். முழு வேகம் எடுத்த பிறகு “மெதுவாக” என்பதும் போய்விட்டது. நேர வரம்பும் இல்லாததால், வால்வைத் திறக்க மறந்தவரின் பம்பில் அதே தண்ணீர் உள்ளேயே சுழன்று சூடாகி, கசிவைத் தடுக்கும் மெக்கானிக்கல் சீலைக் கெடுக்கும்.

இங்கே எடிட்டர் செய்ய வேண்டியது திருத்தம் அல்ல, கேள்வி. அதுவும் “தெளிவாக இல்லை” என்ற கேள்வி அல்ல. அதைப் படிக்கும் எழுத்தாளருக்கு எதை மாற்றுவதென்றே தெரியாது. “படி 3இல் மூன்று செயல்கள் உள்ளன. மூன்று தனிப் படிகளாகப் பிரிக்கலாமா? 1 நிமிட வரம்பு எல்லா மாடலுக்கும் பொருந்துமா, இல்லை 5 எச்.பி.க்கு மட்டுமா?” என்று கேட்டால் ஓரிரு சொல்லிலேயே பதில் எழுதிவிடலாம். இடம், சிக்கல், எடிட்டர் முன்வைக்கும் மாற்று ஆகிய மூன்றும் இருந்தால் கேள்வி முழுமை. எழுத்தாளர் பக்கமும் ஒரு கடமை உண்டு: ஒவ்வொரு கேள்விக்கும் எழுத்தில் பதில் தர வேண்டும். திருத்தத்தை மறுத்தால் காரணத்தை ஒரு வரியில் சொல்லுங்கள், இல்லாவிட்டால் அடுத்த பதிப்பில் அதே திருத்தம் மறுபடி வரும்.

வேர்டில் டிராக் சேஞ்சஸ் (மாற்றங்களைக் குறித்துக் காட்டும் வசதி) போடாமல் வேலை செய்த கோப்பு வந்தால் பதற வேண்டாம். ரிவ்யூ பகுதியில் உள்ள கம்பேர் வசதியில் பழைய கோப்பையும் புதியதையும் கொடுத்தால் மாற்றங்கள் எல்லாம் தெரியும். கோப்புகளின் மாற்றங்களை வரி வரியாகப் பதிவு செய்யும் கிட் (Git) பயன்படுத்தும் மென்பொருள் குழுக்கள் ஒரு வாக்கியத்துக்கு ஒரு வரி என்று எழுதுவது நல்லது. பத்தி முழுக்க ஒரே வரியாக இருந்தால் ஒரு சொல் மாறினாலும் பத்தியே மாறியதாகக் காட்டும். எது எப்படியானாலும், படிக்காமல் எல்லா மாற்றங்களையும் ஒரே சொடுக்கில் ஏற்காதீர்கள்.

ஒரே பாகத்துக்கு ஒரு பக்கத்தில் “டெலிவரி வால்வு”, இன்னொரு பக்கத்தில் “வெளியேற்று வால்வு” என்று எழுதினால் இரண்டு வால்வுகள் இருப்பதாகவே படிப்பவர் நினைப்பார். சொற்பட்டியல் ஒன்றைத் தொடக்கத்திலேயே இருவரும் சேர்ந்து போடுங்கள். ஆனால் அதை மொத்தமாகத் தேடி மாற்றும் கட்டளையால் அமல்படுத்தாதீர்கள். “ஆயில்” எல்லாம் “எண்ணெய்” ஆகும்போது “ஆயில் சீல்” கூட “எண்ணெய் சீல்” ஆகிவிடும். உதிரிபாகக் கடையில் அந்தப் பெயரைச் சொல்லிப் பொருள் வாங்க முடியாது.

எச்சரிக்கைச் சொற்களில் நடைக்காக மாற்றம் செய்யவே கூடாது. ஏஎன்எஸ்ஐ இசட்535 என்ற அமெரிக்கப் பாதுகாப்பு எச்சரிக்கைத் தரநிலை இவற்றுக்குப் படிநிலை வைத்திருக்கிறது: தவிர்க்காவிட்டால் உயிரிழப்போ கடுங்காயமோ நிச்சயம் ஏற்படும் என்றால் ஒரு சொல் (அபாயம்), ஏற்படலாம் என்றால் வேறு சொல் (எச்சரிக்கை), சிறு காயம் ஏற்படலாம் என்றால் மூன்றாவது சொல் (கவனம்). “அபாயம்” திரும்பத் திரும்ப வருகிறதே என்று ஓரிடத்தில் “கவனம்” என்று போட்டால் ஆபத்தின் அளவையே குறைத்துச் சொல்லிவிட்டீர்கள். பக்க வடிவமைப்புக்காக எச்சரிக்கைப் பெட்டியைப் படியின் கீழே தள்ளுவதும் இதே வகைத் தவறுதான். மின் இணைப்பைத் துண்டிக்கச் சொல்லும் வரி, டெர்மினல் மூடியைக் கழற்றச் சொல்லும் வரிக்கு முன்னால் இருக்க வேண்டும்.

எண்களில் அலகை மட்டும் தனியாகத் திருத்தாதீர்கள். போல்ட்டை இறுக்கும் முறுக்கம் அட்டவணையில் 45 நியூட்டன் மீட்டர், உள்ளே பத்தியில் கிலோகிராம் மீட்டர் என்றிருந்தால் ஒருமைப்பாட்டுக்காக அட்டவணையின் அலகுப் பெயரை மாற்றத் தோன்றும். 45 நியூட்டன் மீட்டர் என்பது சுமார் 4.6 கிலோகிராம் மீட்டர். எண்ணை விட்டு அலகை மட்டும் மாற்றினால் முறுக்கம் பத்து மடங்காகும், 10 மி.மீ. விட்டமுள்ள எம்10 போல்ட் அதற்கு வெகு முன்பே முறிந்துவிடும். நடுவில் ஒரு படியைச் சேர்த்தால் “படி 4ஐப் பார்க்கவும்” போன்ற குறிப்புகளும் தவறாகும். வேர்டின் கிராஸ் ரெஃபரன்ஸ் வசதியில் எழுதியிருந்தாலும் எண்கள் உடனே மாறிவிடாது. கன்ட்ரோல் ஏ அழுத்தி முழுவதையும் தேர்ந்தெடுத்து எஃப்9 தட்ட வேண்டும்.

தமிழ்க் கையேடுகளுக்கு இன்னும் இரண்டு உண்டு. பாமினி போன்ற பழைய எழுத்துருவில் தட்டச்சான கோப்பில் யூனிகோடில் தேடினால் எதுவும் கிடைக்காது, பிழைதிருத்தியும் வேலை செய்யாது. எடிட்டிங் தொடங்கும் முன்பே யூனிகோடுக்கு மாற்றி, மாற்றியதை ஒருமுறை முழுதாகப் படித்துவிடுங்கள். இன்னொன்று பக்க வடிவமைப்பு மென்பொருளான இன்டிசைனில் வருவது. அதில் இந்திய எழுத்துகளைச் சரியாக அமைக்கும் வேர்ல்டு ரெடி கம்போஸர் தேர்வாகாமல் இருந்தால் கொம்புகள் எழுத்துக்கு முன்னால் வராமல் பின்னால் போய் நிற்கும். வேர்ட் கோப்பில் எல்லாம் சரியாக இருந்தது என்பதால் இது எழுத்தாளர் கண்ணிலும் படாது, எடிட்டர் கண்ணிலும் படாது. அதனால் மெய்ப்பைப் பக்க வடிவமைப்பு முடிந்த பிடிஎஃப்பில்தான் பார்க்க வேண்டும்.