பவர் விண்டோ பாதியில் நின்றதா? மோட்டார் வாங்கும் முன் இதைப் பாருங்கள்

கண்ணாடி நடுவழியில் நின்றதும் பலரும் நேராக மோட்டாருக்கு விலை கேட்கப் போய்விடுகிறார்கள். சில வருடம் ஓடிய காரில், அதுவும் டிரைவர் கதவில், முதலில் சந்தேகப்பட வேண்டியது கதவு இடுக்கில் மடங்கி மடங்கி அறும் ஒயரைத்தான். மோட்டாருக்கு இரண்டே ஒயர் போகும் சாதாரண பவர் விண்டோவுக்கானது இந்த முறை. மோட்டார் கப்ளரில் (ஒயர்களை இணைக்கும் பிளக்) ஐந்தாறு ஒயர் இருந்தால் உள்ளே தனி எலக்ட்ரானிக் மாட்யூல் இருக்கிறது. அதில் இந்தச் சோதனையைச் செய்ய வேண்டாம்.

தேவையானவை: மல்டிமீட்டர் (விலை குறைந்ததே போதும்), டோர் பேட் (கதவின் உள்பக்க மூடி) கழற்ற பிளாஸ்டிக் நெம்பி, ஸ்க்ரூ டிரைவர், ஒரு டெஸ்ட் லாம்ப். டெஸ்ட் லாம்பைக் கடையில் வாங்காதீர்கள். இண்டிகேட்டரில் போடும் 12 வோல்ட், 21 வாட் பல்பு ஒன்று, ஹோல்டர், நீளமான இரண்டு ஒயர், முனையில் கிளிப். அவ்வளவுதான். எல்இடி டெஸ்டர் இந்த வேலைக்கு உதவாது. காரணம் 3-ஆம் படியில்.

1. எது ஓடவில்லை?
எல்லாக் கண்ணாடியும் நின்றிருந்தால் ஃபியூஸ் அல்லது ரிலே. ஒன்று மட்டும் என்றால் பெரும்பாலும் ஃபியூஸ் இல்லை. டிரைவர் பக்க சுவிட்சில் ஓடுகிறது, அந்தக் கதவின் சுவிட்சில் ஓடவில்லை என்றால் விண்டோ லாக் பட்டனைப் பாருங்கள். சிரிக்காதீர்கள், டோர் பேடைக் கழற்றிய பிறகு இதைக் கண்டுபிடிப்பவர்கள் உண்டு.

2. ஃபியூஸ்
கழற்றிப் பார்க்க வேண்டியதில்லை. இக்னிஷனை ஆன் செய்து, லாம்பின் ஒரு முனையைப் பாடி எர்த்தில் (பெயிண்ட் இல்லாத உலோகப் பகுதி) மாட்டி, மறு முனையால் ஃபியூஸின் தலையில் தெரியும் இரண்டு உலோகப் புள்ளிகளையும் தொடுங்கள். இரண்டிலும் எரிந்தால் ஃபியூஸ் நல்லது, ஒன்றில் மட்டும் எரிந்தால் போய்விட்டது. இரண்டிலும் எரியவில்லை என்றால் ஃபியூஸுக்கே கரண்ட் வரவில்லை.

20 ஆம்பியர் மஞ்சள், 25 நிறமில்லாதது, 30 பச்சை. மஞ்சள் போன இடத்தில் பச்சையைப் போடாதீர்கள். ஃபியூஸ் காப்பாற்றுவது மோட்டாரை அல்ல, ஒயரை. பெரிய ஃபியூஸ் போட்டால் அடுத்து எரிவது ஒயர்.

புது ஃபியூஸும் உடனே போனால் மூன்றாவதை வீணாக்காமல், ஃபியூஸ் இருந்த இடத்தின் இரு முனைக்கும் நடுவே அதே பல்பை மாட்டுங்கள். எந்த சுவிட்சையும் அழுத்தாமலே பல்பு முழு வெளிச்சத்தில் எரிந்தால் ஷார்ட். கதவைத் திறந்து மூடி, ஒயர் கொத்தை அசைத்துக்கொண்டே வாருங்கள். எந்த இடத்தில் அணைகிறதோ, அங்கேதான் ஒயர் உரசுகிறது.

3. மோட்டார் கப்ளர்
நின்று நிதானமாகச் செய்ய வேண்டிய இடம் இதுதான். டோர் பேடைக் கழற்றி (ஏர்பேக் சென்சார் இருந்தால் அதன் கப்ளரைத் தொடாதீர்கள்) மோட்டாரின் கப்ளரைப் பிரியுங்கள். சுவிட்சை அழுத்தி மல்டிமீட்டர் வைத்தால் 12 வோல்ட் காட்டலாம். உடனே மோட்டார்தான் போயிற்று என்று முடிவு கட்டாதீர்கள். ஒயரின் இருபது செம்பு இழையில் ஒரே இழை தொட்டும் தொடாமலும் மிச்சமிருந்தாலும் மீட்டர் 12 காட்டும், எல்இடியும் எரியும். ஏனென்றால் இரண்டும் இழுக்கும் கரண்ட் மிகமிகக் குறைவு. பல்பு ஒன்றே முக்கால் ஆம்பியர் இழுக்கும். அதனால் கப்ளரின் இரு முனைக்கும் நடுவே பல்பை மாட்டி மேலே, கீழே இரண்டு பக்கமும் அழுத்துங்கள். இரண்டிலும் பளிச்சென்று எரிந்தால் மோட்டாரை மாற்றலாம். மங்கினாலோ எரியாவிட்டாலோ குற்றம் மோட்டாருக்கு முன்னால்.

இனி எந்த ஒயர் என்று பார்க்க வேண்டும். சுவிட்சை அழுத்தாதபோது மோட்டாரின் இரண்டு ஒயரும் சுவிட்ச் வழியாக எர்த்தில்தான் இருக்கும். பல்பின் ஒரு முனையை பேட்டரி பாசிட்டிவில் (நடுவே 5 ஆம்பியர் ஃபியூஸ் வைத்து) மாட்டி, மறு முனையால் கப்ளரின் ஒவ்வொரு முனையையும் தொடுங்கள். இரண்டிலும் எரிய வேண்டும். எதில் எரியவில்லையோ, அந்த வழியில் எங்கோ அறுந்திருக்கிறது. மற்ற கதவுகளில் இந்த எர்த், பல கார்களில் டிரைவர் பக்க மாஸ்டர் சுவிட்ச் வழியாகவே வருகிறது. இடது கதவுக்குப் புது சுவிட்ச் போட்டும் சில சமயம் கண்ணாடி அசையாததற்குக் காரணம் அதுதான்.

4. கதவு இடுக்கு
கதவுக்கும் பாடிக்கும் நடுவில் உள்ள ரப்பர் குழாயை இழுத்துவிட்டு, பேட்டரி நெகட்டிவைக் கழற்றியபின் ஒவ்வொரு ஒயராக மெல்ல இழுங்கள். உள்ளே செம்பு அறுந்த ஒயர் ரப்பர் போல நீளும். மேல்தோலில் கீறல்கூட இல்லாமல் இருக்கலாம். மடங்கும் இடத்திலேயே ஒட்டுப் போடாதீர்கள், சில மாதத்தில் மறுபடி அறும். குழாயின் இரு பக்கமும் தாண்டி வெட்டி, அதே தடிமனுள்ள மெல்லிய பல இழை ஒயரை முழு நீளத்துக்கு மாற்றி, ஒட்டுகளைக் குழாய்க்கு வெளியே ஹீட் ஷ்ரிங்க் (சூடாக்கினால் சுருங்கிப் பிடிக்கும் உறை) போட்டு மூடுங்கள்.

5. எல்லாம் சரி, ஆனால் மெதுவாக ஏறுகிறது
கண்ணாடி ஓடும் ரப்பர் சேனல் காய்ந்திருக்கும். சிலிக்கோன் ஸ்ப்ரே மட்டும். கிரீஸ் தூசியைப் பிடித்து வைக்கும். திரும்பத் திரும்ப ஏற்றி இறக்கியபின் நின்றால் மோட்டாரின் வெப்பக் காப்பு துண்டித்திருக்கும், ஆற விடுங்கள்.

பின்சேர்க்கை: பேட்டரியை மாட்டியபின் ஒரே தொடலில் ஏறும் வசதி போய்விட்டால் பழுதில்லை. பல கார்களில், கண்ணாடியை முழுக்க இறக்கி, பிறகு முழுக்க ஏற்றி, ஏறியபின்னும் சுவிட்சைச் சில விநாடி விடாமல் பிடித்தால் திரும்பி வரும்.

மழை பிடித்துக்கொண்டு கண்ணாடி திறந்தே நின்றால், கப்ளரைப் பிரித்து 20 ஆம்பியர் ஃபியூஸ் வைத்த ஒயரால் பேட்டரியிலிருந்து மோட்டாருக்கு நேராகக் கொடுங்கள். இறங்கினால் இரு முனையையும் மாற்றிக் கொடுத்தால் ஏறும். விரல் உள்ளே இருக்கக் கூடாது.