கோத்தகிரியிலிருந்து நுவரெலியாவுக்கு: வெளிநாட்டுப் பறவைப் பயணத்தைத் திட்டமிடும் முறை

வெளிநாட்டுக்குப் போய்ப் பறவைகளையும் காட்டு விலங்குகளையும் பார்க்க வேண்டும் என்ற ஆசை வந்தவுடன் நம்மில் பலர் விமானக் கட்டணத்தைத் தேடத் தொடங்குகிறோம். அதற்கு முன்பாக, வீட்டுக்கு அருகிலிருக்கும் சோலைக்கு மூன்று மாதம் தொடர்ந்து போய் வரும்படி நான் கேட்டுக்கொள்வேன். கோத்தகிரிக்காரர்களுக்கு அது லாங்வுட் சோலை. ஏறத்தாழ 116 ஹெக்டேர் பரப்புள்ள அந்தச் சோலை, உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களைக் குறிக்கும் ராம்சார் பட்டியலில் 2024ஆம் ஆண்டு சேர்ந்தது. அங்கே நீலகிரிச் சிரிப்பானையும் சீகாரப் பூங்குருவியையும் குரலை வைத்தே அடையாளம் சொல்லப் பழகியவருக்கு எந்த நாட்டுக் காட்டிலும் காது முந்திக்கொண்டு வேலை செய்யும். அந்தப் பழக்கம் இல்லாமல் போகிறவர் வழிகாட்டி சுட்டிய திசையில் இலைகளைப் பார்த்துவிட்டுத் திரும்புவார்.

முதல் வெளிநாட்டுப் பயணத்துக்கு எந்த நாடு என்று கேட்பவர்களுக்கு நான் இலங்கையைச் சொல்கிறேன். செலவு குறைவு என்பது ஒரு காரணம்தான். மேற்குத் தொடர்ச்சி மலையும் இலங்கையும் சேர்ந்து உயிர்ப்பன்மை செறிந்த ஒரே பகுதியாகக் கணக்கிடப்படுகின்றன. கடல் மட்டம் தாழ்ந்திருந்த காலங்களில் இரண்டு நிலங்களும் இணைந்திருந்ததால், அங்குள்ள பல பறவைகள் நம் பறவைகளுக்குப் பங்காளிகள். நமக்கு நீலகிரிக் காட்டுப்புறா, அவர்களுக்கு இலங்கைக் காட்டுப்புறா. நமக்குச் சாம்பல் காட்டுக்கோழி, அவர்களுக்குத் தேசியப் பறவையாகிய இலங்கைக் காட்டுக்கோழி. நம் கருமந்திக்கு ஈடாக அங்கே ஊதாமுக மந்தி. அந்தத் தீவைத் தவிர உலகில் வேறெங்கும் இல்லாத பறவையினங்கள் முப்பதுக்கும் மேல் உள்ளன. மலையகத்தில் தமிழிலேயே வழி கேட்கலாம். எங்கள் தெருவில் வசிக்கும் பாட்டி ஒருவர், தோட்டத் தொழிலாளர்களை இந்தியாவுக்குத் திருப்பி அனுப்ப வழிசெய்த 1964ஆம் ஆண்டு இந்திய-இலங்கை ஒப்பந்தத்துக்குப் பிறகு நுவரெலியாப் பக்கத்துத் தோட்டத்திலிருந்து நீலகிரிக்கு வந்த குடும்பத்தைச் சேர்ந்தவர். அந்த ஊரின் குளிரும் பனியும் எப்படி என்று அவரிடம் கேட்டுத்தான் நான் கம்பளி எடுத்து வைத்தேன். நுவரெலியாவின் உயரம் ஏறத்தாழ 1,870 மீட்டர். கோத்தகிரியைவிடச் சற்றே உயரம், உதகையைவிடக் குறைவு.

என் முதல் பயணம் வீணானதை இங்கே சொல்லியாக வேண்டும். ஒரு பயண நிறுவனம் ஏழு நாளில் ஆறு இடங்களைக் காட்டுவதாகத் திட்டம் போட்டுக் கொடுத்தது. நானும் மகிழ்ச்சியோடு சம்மதித்தேன். சிங்கராஜா மழைக்காட்டின் வாயிலுக்கு வண்டி போய்ச் சேர்ந்தபோது காலை பதினொன்றரை மணி. காடு அடங்கிவிட்டிருந்தது. இரண்டு மணி நேரம் நடந்து, நான் கண்டது ஒரு மரங்கொத்தியின் முதுகு மட்டும். மறுநாள் விடியலில் அதே இடத்தில் நின்றிருந்தால் கிடைத்திருக்கக்கூடியவற்றை இரண்டாம் பயணத்தில் பார்த்த பிறகுதான், ஒரு பறவைப் பயணத்தின் அளவுகோல் கிலோமீட்டர் அல்ல, விடியற்காலைகளின் எண்ணிக்கையே என்பது எனக்கு உறைத்தது. பத்து நாள் பயணம் என்றால் அதில் எத்தனை விடியல்களில் நாம் காட்டுக்குள் நிற்போம் என்று எண்ணிப் பாருங்கள். ஒவ்வொரு இரவும் வேறு ஊரில் தங்குபவருக்கு அந்த எண்ணிக்கை நாலைந்தைத் தாண்டாது. ஒரே இடத்தில் மூன்று இரவு தங்குபவருக்கு அங்கே இரண்டு விடியல்கள் முழுதாகக் கிடைக்கும், மூன்றாவதும் பாதி கிடைக்கும்.

காலத்தைப் பொறுத்தவரை சனவரி முதல் மார்ச் வரை உகந்தது. தென்மேற்குப் பருவமழை மே முதல் செப்டம்பர் வரை சிங்கராஜாவையும் மேற்குச் சரிவுகளையும் நனைத்தபடி இருக்கும். அக்டோபர், நவம்பர் மாதங்களில் மழையும் புயலும் மலையகத்தைத் தாக்கக்கூடும். 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலின்போது அங்கே ஏற்பட்ட நிலச்சரிவுகளை நாம் மறந்திருக்க மாட்டோம். வலசை வரும் பறவைகளும் சனவரியில் அங்கே நிலைகொண்டிருக்கும். காஷ்மீர் ஈபிடிப்பான் காஷ்மீரில் குஞ்சு பொரித்துவிட்டு, குளிர்காலத்தில் நம் நீலகிரிக்கும் இலங்கை மலைகளுக்கும் வருகிறது. நுவரெலியா நகர நடுவிலுள்ள விக்டோரியா பூங்காவின் ஓடையோரத்தில் அதையும், நாம் ஆறுமணிக்குருவி என்றழைக்கும் வண்ணப் பறவையையும் மாலை நேரத்தில் பொறுமையாக நின்று பார்க்கலாம். ஆனால் ஏப்ரல் புத்தாண்டுக் காலத்தில் அந்த ஊருக்குப் போக வேண்டாம், கூட்டம் தாங்காது. மாதந்தோறும் வரும் போயா என்னும் பௌர்ணமி விடுமுறை நாட்களிலும் தேசியப் பூங்காக்களில் நெரிசல் இருக்கும் என்பதால், தேதி குறிக்கும்போது அவர்களுடைய நாட்காட்டியையும் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

பத்து நாளுக்கு என் வழித்தடம் இது. திருச்சி, மதுரை, சென்னை ஆகிய ஊர்களிலிருந்து கொழும்புக்கு விமானம் உண்டு. கட்டுநாயக்க விமான நிலையத்தில் இறங்கியதும் நேராகச் சிங்கராஜாவின் குடவை வாயில் பக்கம் போய் மூன்று இரவு தங்க வேண்டும். அங்கிருந்து உடவளவை வழியாகத் திஸ்ஸமகாராமைக்கு வந்து இரண்டு இரவு; யால, புந்தல ஆகிய தேசியப் பூங்காக்கள் அங்கிருந்து எட்டும் தூரம்தான். பிறகு மலையேறி நுவரெலியாவில் மூன்று இரவு. மீதி நாளைக் கித்துல்கல மழைக்காட்டுக்கு ஒதுக்கலாம், அல்லது மழைக்கு ஈடாகக் கையிருப்பில் வைக்கலாம். யாலவில் சிறுத்தை காணக் கிடைக்கும் வாய்ப்பு அதிகம். அந்தத் தீவில் புலியும் இல்லை, செந்நாயும் இல்லை; சிறுத்தையே அங்கு தலைமை வேட்டை விலங்கு. ஆயினும் சிறுத்தைக்காக நாற்பது ஜீப்புகள் ஒரே மரத்தடியில் மோதிக்கொள்ளும் காட்சியில் எனக்கு நாட்டமில்லை. யாலவுக்கு ஒரு காலைப்பொழுது போதும், புந்தலவின் நீர்ப்பறவைகளுக்கு மறுநாளைக் கொடுங்கள். செப்டம்பரில் போக நேர்ந்தால் யாலவின் முதல் பிரிவு வறட்சி காரணமாக மூடப்படுவது வழக்கம் என்பதை முன்பே கேட்டறிய வேண்டும்.

புறப்படுவதற்கு முன் நூறு பறவைகளின் பட்டியல் எழுத வேண்டாம். பன்னிரண்டு போதும். ஒவ்வொன்றுக்கும் எதிரே இடம், உயரம், நேரம், குரல் என நான்கு குறிப்புகள் எழுதுங்கள். பறவை பார்ப்போர் தங்கள் பதிவுகளைச் சேர்க்கும் இ-பேர்டு இணையதளத்தில் ஒவ்வோர் இடத்துக்கும் மாதவாரியாக எந்தப் பறவை பதிவாகியிருக்கிறது என்று பார்க்கலாம். பறவைகளை அடையாளம் காண உதவும் மெர்லின் செயலியில் இலங்கைக்கான தொகுப்பை வீட்டிலேயே தரவிறக்கிக்கொண்டால் காட்டில் இணையம் இல்லாதபோதும் உதவும். சிங்கராஜாவுக்கு ஒரு குறிப்பு தனியே தேவை. அங்கே பறவைகள் தனித்தனியாக வருவதைவிடக் கலப்புக் கூட்டமாக வருவதே அதிகம். செம்மஞ்சள் அலகுச் சிலம்பன்கள் சளசளத்தபடி முன்னே போக, கொண்டைக் கரிச்சான் காவல் காக்க, சில சமயம் நாற்பது பறவைகள் வரை ஒரே அலையாகக் கடந்துபோகும். குயில் குடும்பத்துச் செம்முக மல்கோகாவும் அந்த அலையில்தான் வரும். சிலம்பனின் குரலை முன்பே மனத்தில் பதித்துக்கொண்டவர், அலை வருவதற்குச் சில நிமிடம் முன்பே பைனாகுலரோடு ஆயத்தமாக நிற்பார்.

ஆவணங்களில் கடவுச்சீட்டு குறைந்தது ஆறு மாதம் செல்லுபடியாகும்படி இருக்க வேண்டும். இலங்கை நுழைவு அனுமதியின் விதியும் கட்டணமும் அடிக்கடி மாறுவதால், தரகர் தளங்களை நம்பாமல் அந்நாட்டுக் குடிவரவுத் துறையின் தளத்திலேயே பாருங்கள். பூங்காக்களில் இந்தியா உள்ளிட்ட சார்க் (தெற்காசியக் கூட்டமைப்பு) நாட்டவருக்குத் தனிக் கட்டணம் உண்டு. அதைப் பெறக் கடவுச்சீட்டைக் கையோடு கொண்டுபோக வேண்டும். பின்னாளில் கென்யா, உகாண்டா போன்ற நாடுகளுக்குப் போக எண்ணுபவர்கள், மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசியைப் பயணத்துக்குப் பத்து நாள் முன்பாவது போட்டுச் சான்று பெற வேண்டும் என்பதையும் குறித்துக்கொள்ளட்டும். விலை உயர்ந்த கேமராவும் லென்ஸும் கொண்டுபோவோர், புறப்படும்போதே விமான நிலையச் சுங்கப் பிரிவில் தொடர் எண்ணைக் காட்டிச் சான்று வாங்கினால் திரும்பும்போது வரிச் சிக்கல் வராது. மழைக்காலத்தில் கிளம்புவதானால் மேட்டுப்பாளையத்துக்கு ஒரு நாள் முன்னதாகவே இறங்கிவிட வேண்டும். மலைப்பாதையில் மண் சரிந்தால் விமானம் நமக்காகக் காத்திருக்காது.

கருவிகளில் எட்டு மடங்கு பெருக்கமும் 42 மில்லிமீட்டர் முகப்பு வில்லையும் உள்ள பைனாகுலர் இருண்ட சோலைக்கு ஏற்றது. பத்து மடங்கு வாங்கினால் கை நடுக்கமும் சேர்ந்து பெரிதாகும். சிங்கராஜாவில் அட்டை ஏராளம். கோத்தகிரிக் கடைவீதியில் ஒரு தையற்காரரிடம் நெருக்கமாக நெய்த காடாத் துணியைக் கொடுத்து, முழங்கால் வரை ஏறும் காலுறை இரண்டு சோடி தைத்து வாங்கினேன். பக்கவாட்டுத் தையலை உள்ளே இரண்டாக மடித்து அடிக்கச் சொன்னது நல்லதாயிற்று. தையல் ஓட்டைதான் அட்டைக்கு வாசல். காலுறையைப் பேன்ட்டின் மேல் இழுத்து, மேல்முனையில் நாடாவால் கட்டி, அதற்குப் பிறகு காலணி போட வேண்டும். வெள்ளைத் துணியில் ஏறும் அட்டை கறுப்பாகத் தெரிவதால், கடிப்பதற்கு முன் சுண்டிவிட முடியும். குறிப்பெடுக்கப் பென்சில் வைத்துக்கொள்ளுங்கள். ஈரத்தாளில் பேனா எழுதாது. இராணுவ உடையை ஒத்த புள்ளித் துணி சில நாடுகளில் சட்டப்படி தடை செய்யப்பட்டது என்பதால், மங்கிய பச்சையோ பழுப்போ போதும்.

ஹோர்ட்டன் சமவெளித் தேசியப் பூங்காவுக்கு நுவரெலியாவிலிருந்து அதிகாலை நாலரை மணிக்குள் கிளம்ப வேண்டும். பலர் உலக முடிவு என்னும் செங்குத்துப் பள்ளத்தைப் பார்க்கவே விரைகிறார்கள். பறவை பார்ப்பவர் நிற்க வேண்டியது பட்டிப்பொல வழிச் சாலையோரம் உள்ள ஒரு சிறு குளத்தருகே. அரெங்கா குளம் என்று அதை அழைப்பது இலங்கைப் பூங்குருவியின் பழைய அறிவியல் பெயரை ஒட்டியது. நம் ஊர்ச் சீகாரப் பூங்குருவி வேலையில்லாச் சிறுவன் போல் நீளமாகச் சீழ்க்கையடிக்கும். அங்குள்ளதோ அதைவிடச் சிறியது, மிகக் கூச்சமுடையது, ஊசியால் கீறியது போல மெல்லிய, கூர்மையான ஒரே குரல் கொடுக்கும். நான் நின்ற காலையில் கைவிரல்கள் மரத்துப்போயிருந்தன. இரண்டு முறை அந்தக் குரல் கேட்டது. பிறகு நாணல் விளிம்பில் கருமையான ஓர் உருவம் தத்தி வந்தது; திரும்பியபோது தோளில் நீலம் ஒரு கணம் மின்னியது. வெளிச்சம் ஏறியதும் அது புதருக்குள் போய்விட்டது. பத்து நிமிடம் தாமதித்திருந்தால் எனக்கு அது இல்லை.

அந்தக் குரலை ஒலிபெருக்கியில் போட்டு வரவழைக்கச் சில வழிகாட்டிகள் முன்வருவார்கள். மறுத்துவிடுங்கள். மிகச் சிறிய எல்லைக்குள் வாழும் பறவை, இல்லாத எதிரியைத் துரத்துவதில் தன் காலைப்பொழுதை இழக்கக் கூடாது. வழிகாட்டியை அமர்த்தும் முன்பே, குரல் ஒலிக்கச் செய்வாரா, பகலில் ஆந்தை உறங்கும் கிளைக்கு எவ்வளவு அருகே அழைத்துப் போவார் என்று கேளுங்கள். பதிலில் அவர் தரம் தெரிந்துவிடும். சிங்கராஜாவுக்குள் வழிகாட்டியோடுதான் நுழைய முடியும். அந்தக் காட்டை அடுத்த கிராமத்து இளைஞர் கிடைத்தால் அவரையே மூன்று நாளும் வைத்துக்கொண்டு, பேசிய கூலியைக் குறைக்காமல் கொடுங்கள்.

இறகு, சிப்பி, பூச்சி, விதை எதையும் பையில் போடாதீர்கள். 1937ஆம் ஆண்டிலிருந்தே இலங்கையில் காட்டுயிர்களுக்கும் தாவரங்களுக்கும் பாதுகாப்புச் சட்டம் உண்டு. கீழே கிடந்தது என்ற விளக்கம் அங்கே செல்லாது. ஒவ்வொரு மாலையும் அறைக்குத் திரும்பியதும் அன்றைய பட்டியலைப் பதிவேற்றிவிட்டு, காலுறையை உதறிக் காயப்போட்டுவிட்டு, அலாரத்தை நாலு மணிக்கு வைத்துப் படுத்துக்கொள்ளுங்கள். இலங்கையின் நேரமும் நம் நேரமும் ஒன்றே, கடிகாரத்தை மாற்ற வேண்டியதில்லை.