கடைக்கு வீடியோ எடிட்டர் வேண்டுமா? ஆடி மாதத்தில் தேடுங்கள்

கும்பகோணம் அருகே திருபுவனத்தில் எங்கள் குடும்பம் பட்டுப்புடவை நெய்து விற்கிறது. கல்யாணத்துக்கு ஜவுளி எடுக்க முன்பெல்லாம் வேன் பிடித்து வந்து இறங்குவார்கள். இப்போதும் வருகிறார்கள், ஆனால் வருவதற்கு முன்பே போனில் எங்கள் வீடியோவைப் பார்த்து, நாலு புடவையை ஸ்கிரீன்ஷாட் எடுத்துக்கொண்டுதான் வருகிறார்கள். சிங்கப்பூர், மலேசியா வாடிக்கையாளர்கள் வராமலே வாங்குகிறார்கள். அவர்களுக்கு அந்த வீடியோதான் கடை. அதனால் எடிட்டரை நான் சில்லறை வேலைக்காரராக நினைப்பதில்லை. நாச்சியார்கோவில் விளக்கு, சுவாமிமலை சிலை, தஞ்சாவூர் ஓவியம் விற்கிற நண்பர்கள் பலர் "நல்ல எடிட்டர் எப்படிக் கிடைத்தார்?" என்று கேட்கிறார்கள். எனக்குத் தெரிந்ததை இங்கே எழுதுகிறேன்.

முதலில், எப்போது தேடுவது? டெல்டாவில் எடிட்டிங் தெரிந்த பிள்ளைகளில் பெரும்பாலானவர்கள் கல்யாண வீடியோவில் கை தேர்ந்தவர்கள். தை, வைகாசி, ஆவணி முகூர்த்தங்களில் அவர்களுக்குச் சாப்பிட நேரம் இருக்காது. உங்கள் போனையும் எடுக்க மாட்டார்கள். அந்த நேரத்தில் அவசரமாக ஆள் தேடினால் கிடைப்பவரை வைத்துக்கொள்ள வேண்டியதுதான். ஆடியிலும் மார்கழியிலும் முகூர்த்தம் இல்லை. அப்போது உட்கார்ந்து பேசவும், ஒரு வேலையைச் செய்து பார்க்கவும் அவர்களுக்கு நேரம் இருக்கும். ஆடியில் ஆளை முடிவு செய்தால் தீபாவளிக்குள் அவர் உங்கள் கடையைப் புரிந்துகொண்டுவிடுவார்.

கல்யாண எடிட்டர் கடைக்கு ஒத்துவருவாரா என்று சிலர் தயங்குகிறார்கள். தாராளமாக வருவார். மூன்று கேமராவில் எடுத்த இரண்டு நாள் காட்சிகளைப் பொறுமையாகப் பிரித்து அடுக்குகிற பழக்கம் சாதாரண விஷயம் இல்லை. ஆனால் கூடவே வேறு சில பழக்கங்களும் வரும். எதை எடுத்தாலும் மெதுவாக ஓட்டுவது, மங்கலாக ஒரு பளபளப்பைச் சேர்ப்பது, பின்னணியில் சினிமாப் பாட்டு போடுவது. கல்யாண ஹைலைட்ஸை எனக்குக் காட்டினால் "அழகா இருக்கு தம்பி, கல்யாணம் இல்லாம வேற என்ன பண்ணிருக்கீங்க?" என்று கேட்பேன். ஒரு ஓட்டலுக்கோ, பள்ளிக்கோ, தோட்டத்துக்கோ செய்த ஒரே ஒரு வீடியோ போதும். அதுவும் இல்லையென்றால் நாம் கொடுக்கும் சோதனை வேலையில் பார்த்துக்கொள்ளலாம். கும்பகோணம் அரசு கவின்கலைக் கல்லூரியில் படித்த பிள்ளைகள் யாராவது எடிட்டிங் செய்கிறார்களா என்றும் விசாரியுங்கள். ஓவியம் கற்ற கண்ணுக்கு நிறம் சட்டென்று பிடிபடும்.

பாட்டு விஷயத்தை முதல் நாளே பேசிவிட வேண்டும். கல்யாண ஆல்பம் வீட்டுக்குள் இருக்கும், யாரும் கேட்க மாட்டார்கள். கடை வீடியோ விளம்பரம். உரிமை இல்லாத பாட்டைப் போட்டால் யூடியூபில் இரண்டு விதமாகப் பிரச்சினை வரலாம். ஒன்று, உரிமையாளர் 'கிளெய்ம்' செய்வார். அதனால் வருமானம் அவருக்குப் போகும், அல்லது சில நாடுகளில் வீடியோ தெரியாது. இன்னொன்று 'ஸ்டிரைக்', அதாவது உரிமை மீறலுக்காகச் சேனல் மேல் விழும் எச்சரிக்கை. 90 நாளுக்குள் மூன்று ஸ்டிரைக் விழுந்தால் சேனலையே எடுத்துவிடுவார்கள். இன்ஸ்டாகிராமில் பிசினஸ் கணக்குக்குப் பல சினிமாப் பாட்டுகள் பட்டியலிலேயே வராது. இந்த வித்தியாசம் தெரிந்த எடிட்டர் யூடியூபின் ஆடியோ லைப்ரரியிலிருந்தோ, உரிமம் வாங்கிய இசையிலிருந்தோ எடுப்பார். எங்களுக்கு அதுகூடத் தேவைப்படுவதில்லை. தறியில் நாடா ஓடும் சத்தமும் மிதிக்கட்டைச் சத்தமும் சுத்தமாகப் பதிவாகியிருந்தால், நெசவு வீடியோவுக்கு அதற்கு மேல் ஒரு இசை வேண்டியதில்லை.

இனி சோதனை வேலை. இதுதான் எல்லாவற்றிலும் முக்கியம். அவர் முன்பு செய்த வீடியோக்களை மட்டும் பார்த்து யாரையும் வைத்துக்கொள்ளாதீர்கள். அவற்றை யார் எடுத்தார்கள், யார் திருத்தினார்கள் என்று உங்களுக்குத் தெரியாது. உங்கள் கடையில் உங்கள் போனில் எடுத்த காட்சியைக் கொடுங்கள். அதற்குக் கூலியும் கொடுங்கள். இலவசமாகச் செய்யச் சொன்னால் நல்லவர்கள் வர மாட்டார்கள், வந்தாலும் மனசு வைத்துச் செய்ய மாட்டார்கள். இரண்டு மூன்று பேருக்கு ஒரே காட்சியைக் கொடுத்தால் வித்தியாசம் கண்ணுக்கு நேராகத் தெரியும்.

நான் கொடுப்பது ஒரு அரக்குச் சிவப்புப் புடவை, தங்கச் சரிகைக் கரை. வேண்டுமென்றே ஐபோனில் எடுத்தது. ஐபோன் 12 தொடங்கி வந்த போன்கள் நாம் மாற்றாவிட்டால் எச்.டி.ஆர். முறையில், அதாவது வெளிச்சத்தையும் நிறத்தையும் சாதாரண வீடியோவைவிட அதிக வீச்சில் பதிவு செய்யும். அதைச் சரியாக மாற்றாமல் எடிட்டிங் மென்பொருளில் சாதாரண வீடியோவுக்கான டைம்லைனில் போட்டால் அரக்கு ஆரஞ்சுப் பக்கம் போகும். சரிகை வெள்ளையாக எரிந்து, அதில் இருக்கும் அன்னமும் மாங்காயும் காணாமல் போகும். கவனிக்கிற எடிட்டர் காட்சியைத் திறந்ததுமே "இது எச்.டி.ஆர்.ல இருக்குக்கா, மாத்திட்டுத்தான் பண்ணணும்" என்று சொல்லிவிடுவார். கவனிக்காதவர் மேலே ஒரு பில்டரைப் போட்டு அனுப்புவார். வீடியோ வந்ததும் புடவையைப் பகல் வெளிச்சத்தில், வாசலில் பிடித்துக்கொண்டு போனோடு ஒப்பிட்டுப் பாருங்கள். ஒரே போனில் பார்க்காதீர்கள். விலை குறைந்த ஆண்ட்ராய்டு போன் ஒன்றிலும் பாருங்கள், வாங்குபவர்களில் பாதிப் பேர் கையில் அதுதான் இருக்கும்.

"புடவையை நேர்ல ஒரு தடவை பாக்கலாமாக்கா?" என்று கேட்கிற பிள்ளையை நான் விடமாட்டேன். வீடியோவில் மயில் கழுத்தாகத் தெரிந்த புடவை வீட்டுக்குப் போனதும் வெறும் பச்சையாக இருந்தது என்று கோயம்புத்தூரிலிருந்து ஒரு அம்மா திருப்பி அனுப்பினார். அவர் கோபத்தில் நியாயம் இருந்தது. மகள் நிச்சயதார்த்தத்துக்கு நாள் நெருங்கிய நேரம். போக வரக் கூரியர் செலவு எங்களுடையது, அதைவிட அந்த அம்மா இனி எங்களிடம் வாங்குவாரா? அந்த வீடியோவை அழகாக்கத்தான் எடிட்டர் நிறத்தை ஏற்றியிருந்தார். கடை வீடியோவில் அழகைவிட உண்மை நிறம் பெரிது. விளக்கு விற்பவருக்கும் இதே கதைதான். பித்தளை பொன்னாக மின்னினால் வாங்கியவர் ஏமாந்துபோவார்.

அடுத்து எங்கே வெட்டுகிறார் என்று பாருங்கள். திருபுவனம் புடவையை விசிறி மடிப்பாக மடிப்போம். ஒரு முனையைப் பிடித்து உதறினால் விசிறி விரிகிற மாதிரி முந்தி வரைக்கும் ஒரே இழுப்பில் விரியும். அந்த விரிப்பை நடுவில் வெட்டி முகத்தைக் காட்டி, மறுபடி புடவைக்கு வந்தால் பார்ப்பவருக்கு எரிச்சல்தான் வரும். முந்தி முழுசாகத் தெரிகிற வரைக்கும் கை வைக்காமல் விட வேண்டும். அதற்கு முன்னால் நான் பேசித் தடுமாறுவதை எவ்வளவு வேண்டுமானாலும் வெட்டலாம். யூடியூப் ஷார்ட்ஸ் 2024 அக்டோபரிலிருந்து மூன்று நிமிடம் வரை போகலாம். அதற்காக மூன்று நிமிடமும் இழுக்கத் தேவையில்லை. ஆனால் விரிப்புக்கு இருபது வினாடி ஆனாலும் அதைக் கொடுக்கத் தைரியம் வேண்டும்.

இப்போது எங்களோடு இருக்கிற தம்பி சோதனை வேலையைத் தொடங்கும் முன்பு கேட்ட கேள்வி எனக்கு இன்னும் பிடித்திருக்கிறது. "அக்கா, இதைப் பொண்ணு பாத்து வாங்குமா, பொண்ணோட அம்மா பாத்து வாங்குவாங்களா?" அம்மாவுக்குக் கரை அகலமும் சரிகையின் கனமும் தெரிய வேண்டும். பெண்ணுக்குக் கட்டினால் எப்படி இருக்கும் என்பது தெரிய வேண்டும். ஒரே காட்சியிலிருந்து அவர் இரண்டு வீடியோ செய்தார். என்ன மென்பொருள் தெரியும் என்று நீங்கள் கேட்பதைவிட, அவர் உங்களிடம் என்ன கேட்கிறார் என்று கவனியுங்கள். பிரீமியர் ப்ரோவோ, இலவசமாகக் கிடைக்கும் டாவின்சி ரிசால்வோ, எதில் செய்தாலும் சரி.

தமிழ் எழுத்து ஒரு தனிச் சோதனை. "நெசவு", "கொட்டடி", "தேங்காய்ப்பூ" போன்ற சொற்களைத் திரையில் போடச் சொல்லுங்கள். பிரீமியரில் எழுத்து அமைப்பைத் தெற்காசிய மொழிகளுக்கு மாற்றாவிட்டால் கொம்பு இடம் மாறி நிற்கும், படிக்கவே முடியாது. சிலர் இதற்குப் பயந்து எல்லாவற்றையும் ஆங்கிலத்தில் போட்டுவிடுகிறார்கள். தமிழில் பேசி, தமிழர்களுக்கு விற்கிற கடைக்கு அது வேண்டாம். தானாக வரும் சப்டைட்டிலை அப்படியே ஒட்டாமல் ஒருமுறை படித்துத் திருத்துகிறாரா என்பதையும் பாருங்கள். எங்கள் ஊர்ப் பட்டுக்கு 2019-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அந்தச் சின்னத்தை எல்லாப் புடவை வீடியோவிலும் டெம்ப்ளேட்டாக ஒட்டக்கூடாது, அதற்குரிய புடவைக்கு மட்டும்தான். வேறு ஊர்த் தறிக் காட்சியை இணையத்திலிருந்து எடுத்துச் சேர்ப்பதும் கூடாது. நெசவு தெரிந்தவர்கள் உடனே கண்டுபிடித்துவிடுவார்கள்.

கூலியை வீடியோ கணக்கில் பேசுவதா, மாதச் சம்பளமா? வாரம் ஒன்றிரண்டு வீடியோ என்றால் வீடியோ கணக்கே நல்லது. எதுவானாலும் எத்தனை முறை திருத்தம் என்பதை முன்பே சொல்லிவிடுங்கள். இரண்டு முறை நியாயமானது. அதற்கு மேல் நாம் மனசு மாறிக் கேட்டால் தனியாகப் பணம் கொடுக்க வேண்டும். திருத்தம் சொல்லும்போது "இன்னும் நல்லா பண்ணுங்க" என்று சொன்னால் அவருக்கு ஒன்றும் புரியாது. "12-வது வினாடியில் கரை தெரியவில்லை" என்று எழுதி அனுப்புங்கள்.

மூலக் காட்சிகளும், எடிட்டிங் வேலை சேமிக்கப்பட்டிருக்கும் பிராஜெக்ட் பைலும் கடைக்குச் சொந்தம் என்பதையும் முதலிலேயே பேசுங்கள். ஒரு பிரதி அவரிடம், ஒரு பிரதி நம் ஹார்ட் டிஸ்க்கில், முடிந்தால் கூகுள் டிரைவில் ஒன்று. 2018 நவம்பர் 16 அன்று கஜா புயல் கரை கடந்த பிறகு வேதாரண்யம், பட்டுக்கோட்டை பக்கம் எத்தனை நாள் மின்சாரம் இல்லாமல் கிடந்தது என்று நமக்குத் தெரியும். ஐப்பசி கார்த்திகையில் ஒரே கம்ப்யூட்டரை நம்பி இருக்க முடியாது. காட்சிகளை வாட்ஸ்அப்பில் சாதாரண வீடியோவாக அனுப்பாதீர்கள், தரம் போய்விடும். டாக்குமெண்டாக அனுப்புங்கள் அல்லது டிரைவில் ஏற்றுங்கள்.

கடைசியாக பாஸ்வேர்ட். யூடியூப் சேனலின் பாஸ்வேர்டை யாருக்கும் கொடுக்க வேண்டியதில்லை. யூடியூப் ஸ்டுடியோவில் செட்டிங்ஸுக்குள் பெர்மிஷன்ஸ் என்ற இடத்தில் அவருடைய மின்னஞ்சலைச் சேர்த்து, எடிட்டர் என்ற பொறுப்பு மட்டும் கொடுத்தால் அவரே வீடியோ ஏற்றிக்கொள்ளலாம். வேலை முடிந்ததும் அதே இடத்தில் நீக்கிவிடலாம். இதை அவரே சொல்லி, "பாஸ்வேர்ட் எனக்கு வேண்டாம்கா" என்றால் அவரோடு நீண்ட நாள் வேலை செய்யலாம்.