50 எச்.பி.க்கு மேலா, கீழா? புகை விதி டிராக்டர் விலையில் ஏற்றும் காசைக் கணக்கிடும் முறை

ஒரே கம்பெனியின் 49 எச்.பி. வண்டிக்கும் 55 எச்.பி. வண்டிக்கும் விலை ஏன் இவ்வளவு தள்ளிப்போகிறது என்று ஷோரூமில் கேட்டால், ‘அது சி.ஆர்.டி.ஐ. இன்ஜின் சார்’ என்று முடித்துவிடுவார்கள். முழுப் பதில் 37 கிலோவாட்டில் இருக்கிறது. எச்.பி.யில் சொன்னால் அது ஏறக்குறைய 50. இதற்கு மேற்பட்ட டிராக்டர்களுக்கு 2023 ஜனவரி 1 முதல் ட்ரெம் 4 புகை விதி கட்டாயமானது. கீழே உள்ளவற்றுக்குப் பழைய ட்ரெம் 3ஏ-வே தொடர்ந்தது. சந்தையில் 49, 49.5 எச்.பி. மாடல்கள் இத்தனை இருப்பதற்கு இந்தக் கோடு ஒரு முக்கியக் காரணம்.

காசு எங்கே போகிறது

37 முதல் 56 கிலோவாட் வரையிலான இன்ஜினில், ஒரு கிலோவாட்-மணிக்கு 0.4 கிராம் வரை கரித்தூள் வெளியேற ட்ரெம் 3ஏ அனுமதித்தது. ட்ரெம் 4 அதை 0.025 கிராமாக, பதினாறில் ஒரு பங்காகக் குறைத்தது. பழைய பம்ப், நாசிலைத் திருகிச் சரிசெய்து இந்த அளவுக்குக் கொண்டுவர முடியாது. அதனால் டீசலை உயர் அழுத்தத்தில் ஒரே குழாயில் தேக்கித் தரும் காமன் ரெயில் பம்ப் (ஷோரூமில் சொல்லும் சி.ஆர்.டி.ஐ. இதுதான்), எலக்ட்ரானிக் இன்ஜெக்டர், இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டரான இ.சி.யு., சென்சார்கள், புகையில் ஒரு பகுதியைக் குளிர்வித்து இன்ஜினுக்கே திருப்பிவிடும் இ.ஜி.ஆர். எல்லாம் சேர்கின்றன. சைலன்சர் இருந்த இடத்தில் புகையைச் சுத்தப்படுத்தும் வினையூக்கியும் கரித்தூளைப் பிடிக்கும் டி.பி.எஃப். வடிகட்டியும் வருகின்றன. வினையூக்கியில் பிளாட்டினம் வகை உலோகம் இருப்பதால் அது மலிவாக வராது. 56 கிலோவாட்டைத் தாண்டினால், அதாவது சுமார் 75 எச்.பி.க்கு மேல், நைட்ரஜன் ஆக்சைடுக்குத் தனி வரம்பு உண்டு, அதற்கு டி.இ.எஃப். எனும் சுத்தமான யூரியாக் கரைசலைப் புகையில் தெளிக்கும் எஸ்.சி.ஆர். அமைப்பு தேவைப்படும்.

கொட்டேஷனை ஒப்பிடும்போது

முதலில் வரியைக் கழியுங்கள். 2025 செப்டம்பர் 22 முதல் டிராக்டருக்கான ஜி.எஸ்.டி. 12 சதவீதத்திலிருந்து 5 ஆனது. வரிக்கு முன் 9 லட்சம் ரூபாய் வண்டி முன்பு 10,08,000, இப்போது 9,45,000. ஆகவே பழைய பில்லையும் புதிய கொட்டேஷனையும் அப்படியே பக்கத்தில் வைத்தால், புகை விதியால் ஏறிய 63,000 ரூபாய் வரை கண்ணுக்கே தெரியாது. வரிக்கு முந்தைய விலையை மட்டும் ஒப்பிடுங்கள். டயர் அளவு, இரண்டு வீல் டிரைவா நான்கு வீல் டிரைவா, பம்பர், ஹூக் எல்லாம் ஒன்றாக இருக்க வேண்டும்.

அடுத்தது வட்டி. கோட்டுக்கு மேலே போவதால் கூடும் தொகை 1 லட்சம் என்று வைத்துக்கொள்வோம். அதை 11 சதவீத வட்டியில், ஐந்து வருடத்துக்கு, அரையாண்டுத் தவணையில் கட்டினால் ஒரு தவணை சுமார் 13,270. பத்துத் தவணைக்கு 1,32,700. உண்மையான கூடுதல் விலை இதுதான். மானியம் கிடைக்கும் என்று இருப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: மானியத்துக்கு உச்சவரம்பு உண்டு. வரம்பைத் தொட்டபின் ஏறும் ஒவ்வொரு ரூபாயும் முழுதாக உங்கள் கையிலிருந்துதான்.

டீசலில் திரும்புமா?

காமன் ரெயில் வண்டி டீசலை மிச்சப்படுத்தும் என்பதில் உண்மை இருக்கிறது. எவ்வளவு என்பதில்தான் பேச்சு பெரிதாகிவிடுகிறது. மத்தியப் பிரதேசம் புத்னியில் உள்ள மத்திய பண்ணை இயந்திரப் பயிற்சி மற்றும் சோதனை நிலையத்தின் அறிக்கையை டீலரிடம் கேட்டு வாங்குங்கள். பி.டி.ஓ. (ரோட்டவேட்டர் போன்ற கருவிகளைச் சுழற்றும் பின்பக்கத் தண்டு) சோதனைப் பக்கத்தில் ஒரு கிலோவாட்-மணிக்கு எத்தனை கிராம் டீசல் என்று இருக்கும். ஒரு வண்டி 265 கிராம், இன்னொன்று 250 கிராம் என்றால், 30 கிலோவாட் சுமையில் மணிக்கு 450 கிராம் வித்தியாசம். லிட்டரில் அரைக்குச் சற்று மேல். லிட்டர் 92 ரூபாய் என்றால் மணிக்கு ஏறத்தாழ 46 முதல் 50 ரூபாய் மிச்சம்.

46 ரூபாயென்றே வைத்தாலும் 1,32,700 திரும்ப சுமார் 2,885 மணி நேரம் ஓட வேண்டும். வருடம் 800 மணி நேரம் வாடகைக்கு ரோட்டவேட்டர் ஓட்டுபவருக்கு இது மூன்றரை வருடத்துக்குக் கொஞ்சம் கூட. சொந்த நிலத்துக்கு மட்டும் 250 மணி நேரம் ஓட்டுபவருக்குப் பதினொன்றரை வருடம். அவர் கோட்டுக்குக் கீழேயே நிற்பதுதான் சரி. உங்கள் வண்டியின் மணிநேர மீட்டரைப் பார்த்து இந்த எண்ணை மாற்றிப் போட்டுக்கொள்ளுங்கள்.

கீழே நிற்பதென்றால் எச்.பி. எண்ணை மறந்துவிட்டு டார்க் (சுழற்றும் விசை), இன்ஜின் கொள்ளளவு, பி.டி.ஓ. திறன் மூன்றையும் பாருங்கள். ஒரே 49 எச்.பி.யில் மூன்று சிலிண்டரும் உண்டு, நான்கு சிலிண்டரும் உண்டு. ஈரமண்ணில் இழுவை ஒன்றாக இருக்காது.

பராமரிப்பில் மாறுவது

விலையைவிட அதிகம் பேர் சிக்குவது இங்கேதான். பழைய நாசில் 200, 250 பார் அழுத்தத்தில் திறந்தது. காமன் ரெயில் ஆயிரம் பாரை எளிதில் தாண்டும். பேரலில் தேங்கிய டீசலின் தண்ணீரோ தூசியோ உள்ளே போனால் இன்ஜெக்டர் கெடும், அதை ஊர் மெக்கானிக் பிரித்துத் தட்டிச் சரிசெய்ய முடியாது. தண்ணீர் பிரிக்கும் கிண்ணத்தைத் தினமும் காலையில் பாருங்கள். ஃபில்டரை மணிக்கணக்குப்படி மாற்றுங்கள். விலை குறைந்த லோக்கல் ஃபில்டர் வேண்டாம்.

டி.பி.எஃப்.பில் சேரும் கரி சூட்டில் எரிந்துபோகும். ஆயில் எரிந்து வரும் சாம்பல் எரியாது, அங்கேயே தங்கி அடைக்கும். அதனால் கையேட்டில் சொன்ன குறைந்த சாம்பல் ஆயில், பெரும்பாலும் சி.கே.-4 தரம், மட்டுமே ஊற்ற வேண்டும். வெறுமனே ஐடிலில் விடுவதும், காலி டிரெய்லரோடு சுற்றுவதும் புகைச்சூட்டைக் குறைத்துக் கரியைச் சேர்க்கும். சேர்ந்த கரியை வண்டியே சூடேற்றி எரிக்கும் ரீஜெனரேஷனுக்கான விளக்கு எரிந்தால் பாதியில் இன்ஜினை அணைக்காதீர்கள். அப்படி அடிக்கடி செய்தால், கரியை எரிக்கக் கூடுதலாகத் தெளித்த டீசல் ஆயிலில் இறங்கும். டிப் ஸ்டிக்கில் ஆயில் மேல்கோட்டைத் தாண்டி ஏறியிருந்தால் இதுதான் காரணம். உடனே ஆயிலை மாற்றுங்கள். ரீஜெனரேஷன் நடக்கும் நேரத்தில் புகைக்குழாய் 600 டிகிரி வரை கொதிக்கும், வைக்கோல் போர் அருகே நிறுத்தவே கூடாது.

வண்டியில் வெல்டிங் வைக்கும் முன் பேட்டரி இணைப்பைக் கழற்றுங்கள், இல்லையென்றால் இ.சி.யு. போய்விடும். டி.இ.எஃப். டேங்கில் வயலுக்குப் போடும் யூரியாவைக் கரைத்து ஊற்றலாம் என்று யாராவது யோசனை சொன்னால் கேட்காதீர்கள். நம் உர யூரியா முழுக்க வேப்பெண்ணெய் பூசியது; வினையூக்கியே பாழாகும். இ.ஜி.ஆரை அடைப்பது, டி.பி.எஃப்.பைக் குடைந்து எடுப்பது இரண்டும் வாரன்டியைப் பறிக்கும், சட்டத்துக்கும் புறம்பானது.

ட்ரெம் 5-ம் டீலரின் அவசரமும்

2024 ஏப்ரலில் வர வேண்டிய அடுத்த கட்டப் புகை விதியான ட்ரெம் 5, 2026 ஏப்ரலுக்குத் தள்ளப்பட்டது. அந்த அறிவிப்பின்படி 25 முதல் 50 எச்.பி. வண்டிக்கு இது பெரிய தாவல்: இடையில் ட்ரெம் 4 இல்லாமல், கரித்தூள் வரம்பு 0.6 கிராமிலிருந்து நேராக 0.015-க்கு இறங்குகிறது. 25 எச்.பி. வரையிலான சின்ன வண்டிக்கு வரம்பு 0.4 என்பதால் டி.பி.எஃப். தேவைப்படாது, விலையும் அந்த அளவு ஏறாது. ட்ரெம் 4-ம் 2020 அக்டோபரில் வர வேண்டியதுதான், பலமுறை தள்ளிப்போனது. ‘அடுத்த மாசம் விலை ஏறுது’ என்ற பேச்சை நம்பி முன்பணம் கட்டாமல், சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் கடைசி அறிவிப்பைப் பார்த்துவிட்டுப் போங்கள்.

பழைய ஸ்டாக்கைத் தள்ளுபடியில் தந்தால் வாங்கலாம், தவறில்லை. ஆனால் விற்பனைச் சான்றான படிவம் 21-ல் தயாரிப்பு மாதமும் வருடமும், கம்பெனி தரும் தகுதிச் சான்றான படிவம் 22-ல் புகை விதி நிலையும் இருக்கும். இரண்டையும் இன்ஜின், சேசிஸ் எண்ணோடு ஒத்துப் பார்க்காமல் மீதிப் பணத்தைக் கட்டாதீர்கள். ஆர்.டி.ஓ. ஆபீசில் பதிவு நின்றுபோனாலும் பேங்க் தவணை நிற்காது.