பீட்டாவில் விண்வெளிச் சண்டை: முதலில் வேகத்தைக் குறையுங்கள்

குழுவாக ஆடும் புது விண்வெளிச் சுடும் விளையாட்டு ஒன்றின் பீட்டாவில் (வெளியீட்டுக்கு முந்தைய சோதனைப் பதிப்பில்) 3 நாளாக இருக்கிறேன். முதல் நாள் முழுக்கச் செத்துக்கொண்டே இருந்தேன். த்ராட்டிலை (வேகக் கட்டுப்பாட்டை) முழுதாக அழுத்தியபடியே திரும்ப முயன்றதுதான் தப்பு. இந்த வகை விளையாட்டுகள் பலவற்றில் கப்பல் பாதி வேகத்தில்தான் சட்டென்று வளையும். எதிரி பின்னால் ஒட்டிக்கொண்டால் வேகத்தைப் பாதியாக்கி, மூக்கைத் திருப்பி, அப்புறம் பூஸ்ட் (திடீர் வேகம்) கொடுங்கள். துரத்தியவன் நேராகத் தாண்டிப் போய்விடுவான். இப்போது அவன் முதுகு உங்கள் கையில்.

சுடும்போது எதிரியின் கப்பலைப் பார்க்காதீர்கள். குண்டு போய்ச் சேர ஒரு கணம் ஆகும். கப்பலுக்கு முன்னால் மிதக்கும் சின்ன வட்டத்தைக் குறிவையுங்கள்.

பழுது பார்க்கும் கப்பலை யாருமே எடுப்பதில்லை (அதில் கெத்து இல்லையாம்!). நேற்று நாங்கள் 5 பேரும் ஃபைட்டரில் (சண்டைக் கப்பலில்) கிளம்பினோம், இரண்டே நிமிடத்தில் துடைத்து எடுத்துவிட்டார்கள். ஒருவராவது அதை எடுங்கள், மற்றவர்கள் அதன் பக்கத்திலேயே சுற்றுங்கள்.

பீட்டா முடிந்ததும் சேர்த்த புள்ளிகள் அழிக்கப்படுவது சகஜம். அதனால் ஒரே கப்பலை மெருகேற்றாமல் எல்லாவற்றையும் ஓட்டிப் பாருங்கள்.