ஆடிக் குளிரில் கேனரிக்காரர்கள் செய்யும் தவறுகள்

போன ஞாயிற்றுக்கிழமை கோயிலில் கூழ் ஊற்றி முடிந்ததும் ஒரு பையன் என்னை இழுத்துக்கொண்டு போனான். "அங்கிள், ரெண்டு நிமிஷம் என் கேனரிகளைப் பார்த்துட்டுப் போங்க." தென்னாப்பிரிக்காவின் பீட்டர்மாரிட்ஸ்பர்க், நார்த்டேல் பக்கம் வீடு. ஆடி இங்கே குளிர்காலம். கராஜுக்குப் பின்னால் தகரக் கொட்டகை, அதில் கேனரி என்ற பாட்டுக் குருவிகள், ஆறு பெட்டை, நான்கு சேவல். தட்டெல்லாம் சுத்தம், தண்ணீர் தெளிவாக இருந்தது. குறை சொல்ல ஒன்றுமில்லை என்று நினைத்தபோதுதான் மேலே பார்த்தேன். இரண்டு பல்ப் பளிச்சென்று எரிந்துகொண்டிருந்தன.

"எத்தனை மணி நேரம் போடுகிறாய்?"

"14 மணி நேரம், அங்கிள். நேற்றுதான் ஆரம்பித்தேன்."

"முந்தாநாள் வரை?"

"பல்பே இல்லை."

அவன்மேல் கோபம் வரவில்லை. பழைய கோபம் ஒன்று, என்மேலேயே இருந்தது, கிளம்பி வந்தது. அதனால்தான் இதை எழுதுகிறேன். தண்ணீரை மாற்றுங்கள், பூஞ்சை பிடித்த விதையைப் போடாதீர்கள் என்றெல்லாம் எழுதப்போவதில்லை. அது தெரியாதவர் பறவையே வாங்க வேண்டாம்.

இங்கிலாந்துப் புத்தகத்தைப் பார்த்துத் தேதி குறிப்பது

ஆறு மாதம் கூட்டிக்கொள்ளுங்கள். அங்கே பிப்ரவரி என்றால் நமக்கு ஆகஸ்ட்.

வெளிச்சத்தோடு விளையாடுவது

கேனரி இனப்பெருக்கத்துக்குத் தயாராவது குளிர் குறைவதால் அல்ல, பகல் நீள்வதால். கனடாவின் ஆல்பர்ட்டாவில் வில்லியம் ரோவன் என்பவர் 1920களில் இதைச் செய்தே காட்டினார். நடுக்குளிரில், வெட்டவெளிக் கூண்டில் ஜுங்கோ என்ற சிறு பறவைகளை வைத்து, மாலையில் பல்ப் போட்டு, கொஞ்சம் கொஞ்சமாகப் பகலை நீட்டினார். வெளியே உறைபனி. ஆனாலும் ஆண் பறவைகளின் விந்தகங்கள் வசந்தகாலத்தில் இருப்பதுபோலப் பெருத்துவிட்டன. பறவைக்கு வெளிச்சம் கண் வழியாக மட்டும் தெரிவதில்லை, மண்டையோட்டைத் தாண்டி மூளைக்குள்ளேயே உறைக்கிறது. அதனால் நாம் போடும் ஒரு சின்ன பல்பும் அதன் உடம்புக்குள் போய் வேலை செய்கிறது.

இதற்கு மறுபக்கமும் உண்டு. பகல் சுருங்க ஆரம்பித்தால் "சீசன் முடிந்தது" என்று அதே உடம்பு கடையைச் சாத்திவிட்டு இறகை உதிர்க்கத் தொடங்கும். டிசம்பர் 21க்குப் பிறகு பகல் குறைகிறது. தைப்பூசக் காவடி சமயத்தில் கொட்டகையைப் பெருக்கினால் முறம் முறமாக இறகு வருவது அதனால்தான். ஜனவரியில் அது இயற்கை. ஆகஸ்டில் வந்தால் நம் கைவேலை.

என் கதையைச் சொல்கிறேன். 2023, லோட் ஷெடிங், அதாவது முறைவைத்து மின்சாரத்தை நிறுத்துவது, உச்சத்தில் இருந்த வருஷம். 12 பெட்டைகள் வைத்திருந்தேன். ஆகஸ்ட் தொடக்கத்திலேயே ஜோடி சேர்த்துவிட வேண்டும், டிசம்பர் புழுக்கமும் கொசுவும் வருவதற்குள் இரண்டு ஈடு குஞ்சு எடுத்துவிட வேண்டும் என்று கணக்கு. ஜூன் முதல் வாரம் இயற்கைப் பகல் பத்து மணி நேரத்துக்குச் சற்று மேல். அங்கிருந்து வாரம் அரைமணி கூட்டினேன். ஜூலை நடுவில் 13 மணி. அதுவரை எல்லாம் சரி. சேவல்கள் தொண்டை புடைக்கப் பாடின. இரண்டு பெட்டைகள் காகிதத்தைக் கிழித்து வாயில் தூக்கிக்கொண்டு அலைய ஆரம்பித்துவிட்டன.

டைமர் மட்டும் மலிவானது. சுற்றிலும் பல் வைத்த சக்கரம் ஒன்று மெல்லச் சுழலுமே, அந்த வகை. மின்சாரம் நின்றால் அந்தச் சக்கரமும் நின்றுவிடும், வந்தால் விட்ட இடத்திலிருந்து சுழலும். ஒரு முறை இரண்டு மணி நேரம் போனால், டைமர் உலகத்தைவிட இரண்டு மணி பின்தங்கிவிட்டது என்று அர்த்தம். நாளுக்கு மூன்று முறை போனால் ஆறு மணி. இரண்டே நாளில் அதற்குப் பகல் இரவாகிவிடும். நான் வீட்டில் இருந்தவரை தினமும் சக்கரத்தைத் திருகிச் சரிசெய்துகொண்டிருந்தேன். அப்புறம் ஒரு கல்யாணத்துக்காக ஜோஹன்னஸ்பர்க் போனேன். ஐந்து நாள்.

திரும்பி வந்து இரவு பதினொன்றரைக்குக் காரை நிறுத்தினால் கொட்டகையில் பாட்டுக் கச்சேரி. பல்ப் எரிகிறது, சேவல்கள் பாடுகின்றன, பெட்டைகள் தாவிக்கொண்டிருக்கின்றன. எனக்குப் பதற்றம். பறவைகள் குழம்பிவிட்டன, கொஞ்ச நாள் ஓய்வு கொடுத்துப் புதிதாக ஆரம்பிப்போம் என்று பல்பை மொத்தமாகக் கழற்றிவிட்டேன். 13 மணியிலிருந்து ஒரே ராத்திரியில் பத்தரைக்கு.

டைமர் செய்தது பாதித் தவறு. மீதியைச் செய்தது என் கை.

ஆடிப்பெருக்கு அன்று காலை தட்டைப் பார்த்தேன். மஞ்சள் மஞ்சளாக இறகு. ஒரு வாரத்தில் 12 பெட்டைகளில் ஒன்பது உதிர்க்கத் தொடங்கிவிட்டன. சேவல்கள் வாயை மூடிக்கொண்டன. இறகு உதிர்ந்து முளைத்து முடிய ஏழெட்டு வாரம். அதற்குள் யாரும் முட்டை போடப்போவதில்லை. போடவும் வைக்கக்கூடாது, உடம்பில் சத்து இருக்காது. நவம்பரில் மூன்று ஜோடி ஏதோ சேர்ந்தன. அந்தப் புழுக்கத்தில் எவ்வளவு குஞ்சு தேறியிருக்கும் என்று கேட்காதீர்கள்.

நான் செய்திருக்க வேண்டியது எளிது. பல்பைக் கழற்றாமல், சக்கரத்தைச் சரியான நேரத்துக்குத் திருப்பி, அதே 13 மணியை இரண்டு வாரம் அசையாமல் பிடித்திருக்க வேண்டும். நேரம் தடுமாறினால் பறவை ஓரளவு பொறுத்துக்கொள்ளும். கூட்டிய பகலைப் பிடுங்கிக்கொண்டால் பொறுக்காது.

சரி, பையன் விஷயத்துக்கு வருகிறேன். ஒரே தாவலில் 14 மணி கொடுத்ததால் என்ன என்று அவன் கேட்டான். முதலில் சேவலும் பெட்டையும் ஒரே வேகத்தில் தயாராவதில்லை. மெதுவாகக் கூட்டினால்தான் பிந்துகிறவை முந்தியவற்றை எட்டிப்பிடிக்கும். இரண்டாவது, உச்சியை முதல் நாளே தொட்டுவிட்டால் அப்புறம் கூட்ட இடமில்லை. ஒரு நாள்தான் ஆகியிருந்தது என்பதால் அவனை மட்டும் பல்பை அணைக்கச் சொன்னேன். இந்த வாரம் பத்தரை, அடுத்த வாரம் பதினொன்று, இப்படி வாரம் அரைமணி. ஆகஸ்ட் கடைசியில் 13 வரும், செப்டம்பர் நடுவில் 14. அதற்குமேல் வேண்டாம்.

அவனுடைய டைமர் டிஜிட்டல், உள்ளே பேட்டரி உண்டு, நல்லது. "ஆனால் நேற்று ராத்திரி பதினொரு மணிக்கும் பல்ப் எரிந்தது அங்கிள், டைமர் கெட்டுவிட்டதுபோல" என்றான். டைமர் கெடவில்லை. லோட் ஷெடிங் காலத்தில் எல்லார் வீட்டிலும் வாங்கிவைத்த சார்ஜ் பல்ப் அது, மின்சாரம் போனால் தன் பேட்டரியில் எரியும். ஒரே டைமரில் இரண்டைச் சேர்த்து மாட்டியிருந்தான். டைமர் அணைந்ததும் ஒரு பல்ப் இன்னொன்றின் வழியாகச் சுற்று முழுமையாக இருப்பதாகக் கண்டு, மின்சாரம்தான் போய்விட்டது என்று நினைத்து, சார்ஜ் தீரும்வரை எரிந்துகொண்டே இருக்கும். கொட்டகைக்குச் சாதாரண எல்இடி போதும்.

இன்னொன்று, கூட்டும் நேரத்தைக் காலையில் கூட்டுங்கள், மாலையில் வேண்டாம். மாலையில் பல்ப் சட்டென்று அணைந்தால் தீனி தின்ன இறங்கிய பெட்டை இருட்டில் கூட்டுக்குத் திரும்ப முடியாமல் கீழேயே நின்றுவிடும், முட்டை குளிர்ந்துவிடும். காலையில் கூட்டினால் மாலை தானாக மங்கும், பறவை தானாக அடையும். விடியற்காலையில் மின்சாரம் போனாலும் சற்று நேரத்தில் சூரியன் வந்துவிடும். நாலு மணிக்குக் கேனரி பாடுகிறதே என்று பக்கத்து வீட்டுக்காரர் கேட்டால் கூரையில் உட்கார்ந்து கத்தும் ஹதீடாப் பறவையைக் காட்டிவிடலாம்.

இதெல்லாம் வேண்டாம் என்பவர்கள் பல்பே போடாமல் செப்டம்பர் கடைசியில் ஜோடி சேர்க்கலாம். ஒரு ஈடு குறையும், அவ்வளவுதான். அரைகுறையாகப் பல்ப் போடுவதற்கு அது எவ்வளவோ மேல். "இப்போதுதான் லோட் ஷெடிங் இல்லையே" என்று சக்கர டைமரை மறுபடி வாங்குகிறவர்களைப் பார்க்கிறேன். 2024 மார்ச் கடைசியில் நிறுத்தினார்கள்தான், 2025 தொடக்கத்தில் எட்டிப் பார்த்தது. அது வராவிட்டாலும் கேபிள் திருட்டுக்கு எந்த அட்டவணையும் கிடையாது.

குளிர் என்று கொழுக்க வைப்பது

ராத்திரி குளிருகிறதே என்று பேயெள்ளும் மற்ற எண்ணெய் விதைகளும் அள்ளிப் போடுகிறோம். பெட்டையைக் கையில் பிடித்து வயிற்று இறகை ஊதிப் பாருங்கள். தோலுக்கடியில் மஞ்சள் திட்டாகத் தெரிந்தால் அது கொழுப்பு. அப்படிப்பட்ட பெட்டைக்கு முட்டை அடைத்துக்கொள்ளும், குளிர் நாளில் இன்னும் மோசம். இப்போது முதல் வெறும் கேனரி விதையை அதிகமாக்கி, சின்னக் கூண்டிலிருந்து எடுத்து, பறக்க இடமுள்ள பெரிய கூண்டில் பெட்டைகளை ஒன்றாக விடுங்கள். முட்டை உணவு ஜோடி சேர்ப்பதற்கு இரண்டு மூன்று வாரம் முன்பு, வாரத்துக்கு இரண்டு தடவை என்று தொடங்கினால் போதும். கணவாய் ஓடு மட்டும் எப்போதும் தொங்கட்டும். டர்பன் கடற்கரையில் பொறுக்கியதென்றால் சில நாள் நல்ல தண்ணீரில் ஊறவைத்து, தண்ணீரை மாற்றி மாற்றி உப்பை எடுத்துவிட்டு, காயவைத்துப் போடுங்கள்.

பெர்க் காற்றை வசந்தம் என்று நம்புவது

ஆகஸ்டில் ஒரு நாள் திடீரென்று மலைப்பக்கமிருந்து சுடுகாற்று அடிக்கும், முப்பது டிகிரியைத் தாண்டும். சேவல்கள் துள்ளும். நமக்கும் கை பரபரக்கும், கூட்டுக் கிண்ணத்தை மாட்டிவிடுவோம். அந்தக் காற்றுக்குப் பின்னாலேயே குளிரலை வருகிறது என்பது இந்த ஊரில் பிறந்த எல்லாருக்கும் தெரியும். துணி காயப்போடும்போது ஞாபகம் இருக்கும், கேனரி விஷயத்தில் மட்டும் மறந்துவிடும்.

தேதி பார்த்து ஜோடி சேர்ப்பது

காலண்டரை விட்டுவிட்டுப் பறவையைப் பாருங்கள். தயாரான சேவலுக்குப் பின்துவாரம் கூர்மையாகத் துருத்திக்கொண்டு நிற்கும். சிறகைத் தொங்கவிட்டுக் குச்சியில் ஆடி ஆடிப் பாடும். தயாரான பெட்டைக்கு அடிவயிறு சிவந்து, துவாரம் உருண்டு வீங்கியிருக்கும்; இறகோ நூலோ கிடைத்தால் விடாது. பெட்டை தயாராகாமல் சேவலை விட்டால் அடிதடி, சில சமயம் ரத்தம். பெட்டை தயார், சேவல் இல்லை என்றால் நான்கு முட்டையும் வெற்று முட்டை. நடுவில் கம்பித் தடுப்பு வைத்த இரட்டைக் கூண்டில் முதலில் பக்கத்தில் வையுங்கள். சேவல் கம்பி வழியாக ஊட்டி, பெட்டை வாங்கிக்கொண்டால் தடுப்பை எடுக்கலாம்.

ஆடும் குச்சி

வெற்று முட்டைக்குச் சேவலைத் திட்டுவதற்குமுன் குச்சியை ஆட்டிப் பாருங்கள். பெட்டை உறுதியாக நிற்க முடியாவிட்டால் சேர்க்கை நடக்காது. ஆணி அடியுங்கள்.

கொண்டைக்குக் கொண்டை

கொண்டையுள்ள சேவலையும் கொண்டையுள்ள பெட்டையையும் ஜோடி சேர்க்காதீர்கள். நான்கில் ஒரு பங்குக் குஞ்சு பிழைக்காது.

வராந்தாவில் கூண்டைத் தொங்கவிடுவது

ஜாக்கி ஹேங்மேன் என்ற கீச்சான் பறவை கம்பி வழியாகவே தலையைக் கொத்தி இழுக்கும். எனக்கு ஒரு முறை போதும் என்றாகிவிட்டது.

செள்ளை வெயில்காலத்துக்கு ஒத்திப்போடுவது

சிவப்புச் செள் பகலில் பறவைமேல் இருக்காது. குச்சி முனையிலும் பலகை இடுக்கிலும் ஒளிந்திருந்து ராத்திரி வந்து ரத்தம் குடிக்கும். தீனி இல்லாமலே மாதக்கணக்கில் உயிரோடு கிடக்கும். அதனால் போன வருஷத்துக் கூடு, குச்சி எல்லாவற்றையும் இப்போதே கொதிநீரில் போடுங்கள். குஞ்சு பொரித்தபின் மருந்து அடிக்க வழியில்லை. சந்தேகமிருந்தால் ராத்திரி கூண்டின்மேல் வெள்ளைத் துணி போர்த்தி, காலையில் அதன் மடிப்பைப் பாருங்கள். சிவப்புப் புள்ளிகள் நகரும்.

புரட்டாசியை மறப்பது

செப்டம்பர் தொடக்கத்தில் ஜோடி சேர்த்தால், முட்டை வந்து, 13, 14 நாள் அடை முடிந்து, குஞ்சு பொரிப்பது சரியாகப் புரட்டாசியில் விழும். குஞ்சுக்கு முட்டை உணவு நாளைக்கு மூன்று நான்கு தடவை புதிதாக வேண்டும், வெயிலில் சீக்கிரம் கெட்டுவிடும். வீட்டில் விரதம், சமையலறைக்குள் முட்டை நுழையக்கூடாது. முதல் வருஷம் இதை யோசிக்காமல் சனிக்கிழமை காலையில் ஸ்டவ்மேல் முட்டையை வைத்துவிட்டேன். என் மனைவி ஒன்றும் சொல்லவில்லை. சட்டியோடு எடுத்துப் பின்வாசலில் வைத்தாள், கதவைத் தாழ்போட்டாள்.

இப்போது கராஜில் சின்ன கேஸ் அடுப்பு, தனிச் சட்டி, தனிக் கரண்டி. ஆகஸ்டிலேயே சிலிண்டரை நிரப்பிவிடுகிறேன். ஐப்பசி பிறந்தாலும் அந்தச் சட்டிக்கு வீட்டுக்குள் இடமில்லை.